தோளுக்குப் பெயர், வயிற்றுக்கு வேலை

கல்லூரியில் நான் என்.ஸி.ஸி.யில் சேர்ந்ததற்குத் தேசபக்திதான் காரணம் என்று சொன்னால், என்னோடு படித்தவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். பரேடு முடிந்ததும் பூரி-கிழங்கு போடுவார்கள். அதுதான் காரணம்.

வருஷாந்திர கேம்ப்பில் ஒரு நாள் .303 ரைபிளில் சுட அழைத்துப் போனார்கள். பத்துப் பேர், ஆளுக்கு ஐந்து ரவுண்டு. எனக்கு எதிரே இருந்த டார்கெட் கடைசிவரை கன்னி கழியாமல் இருந்தது. ஆனால் பக்கத்து ஆசாமியின் டார்கெட்டில் ஏழு ஓட்டை. கணக்கு உங்களுக்கே புரியும்.

சுட்டு முடித்ததும் காலி கேஸ்களைப் பொறுக்கி எண்ண வேண்டும். தோட்டா எங்கே போனது என்று சர்க்கார் கேட்காது. காலிப் பித்தளைக் குப்பியை மட்டும் எண்ணிக் கேட்கும். ஐம்பது இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்பது. உஸ்தாத் முகம் சிவந்தது. உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் புல்லைத் துழாவினோம்.

ஐம்பதாவது கேஸ் என் கால்சட்டைப் பையில் இருந்தது. தங்கைக்குக் காட்டலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். கடைசியில் பயம் தாங்காமல், யாரும் பார்க்காத நேரத்தில் புல்லில் போட்டு, 'இதோ!' என்று கத்தினேன். 'ஷாபாஷ்!' என்று முதுகில் தட்டிய உஸ்தாத், அன்று எனக்கு இரண்டு பூரி அதிகம் போடச் சொன்னார்.

இந்த இரண்டு பூரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேண்டியிருக்கும்.

*

கேஸைத் திருப்பித் தருமுன் ஒன்று கவனித்தேன். சுடாத ரவுண்டின் கழுத்துக்குக் கீழே இருக்கும் சரிவு ஒரு இடத்தில் இருந்தது. சுட்ட கேஸில் அதே சரிவு கொஞ்சம் முன்னால் ஏறியிருந்தது. உஸ்தாதிடம் கேட்டேன்.

''சுட்டதுக்கு அப்புறம் உன் தோளும்தான் வீங்கியிருக்கு. சவால் நஹீ! லைன்ல நில்லு!''

வாஸ்தவம். ரைபிள் உதைத்து என் வலது தோள் தக்காளி மாதிரிதான் இருந்தது. ஆனால் கேள்வி அப்படியே தங்கிவிட்டது. ரொம்ப வருஷம் கழித்து, ரைபிள் தோட்டாக்களின் சரித்திரத்தைப் படிக்கப் போனபோதுதான் தெரிந்தது, உஸ்தாத் தெரியாமல் சரியான வார்த்தையைச் சொல்லியிருக்கிறார் என்று. அந்தச் சரிவுக்குப் பெயரே 'தோள்' - ஷோல்டர்.

ஒரு பித்தளைக் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்து, தோள், வயிறு. ரைபிள் தோட்டாவின் கேஸும் அப்படித்தான். வயிற்றில் மருந்து. கழுத்தில் குண்டு. அகலமான வயிற்றைக் குறுகலான கழுத்தோடு சேர்க்கும் சரிவுதான் தோள். சின்னக் குண்டின் பின்னால் நிறைய மருந்து வைக்க வேண்டும் என்றால் இந்த உருவம் தவிர வேறு வழியில்லை.

அந்தத் தோள் எத்தனை டிகிரி சாய்ந்திருக்க வேண்டும் என்பதுதான் விவகாரம். கேஸின் நடுக்கோட்டிலிருந்து அளப்பார்கள். அமெரிக்க ராணுவத்தின் புகழ்பெற்ற .30-06 தோட்டாவுக்கு (1906-ல் வந்தது, அதனால் 'ஆட்-சிக்ஸ்') பதினேழரை டிகிரி. 1952-ல் வந்த .308 வின்செஸ்டருக்கு 20. லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1925-ல் வெளியிட்ட .300 மேக்னத்துக்கு வெறும் எட்டரை. சோம்பேறித்தனமாகத் தொங்குகிற தோள். இன்னொரு பக்கம் 40 டிகிரி, ராணுவ அட்டென்ஷனில் நிற்கிற தோள். இந்த எட்டரைக்கும் நாற்பதுக்கும் நடுவே அமெரிக்காவில் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. நம் ஊரில் டிகிரி காபிக்கு நடக்கிற சண்டையைவிடப் பெரிது.

*

பழைய பிரிட்டிஷ் தோட்டாக்கள் ஏன் தோள் சரிந்தவை? நீலகிரி ரயிலில் போகும்போது குன்னூருக்கு மேலே அரவங்காடு என்று ஒரு ஸ்டேஷன் வருமே, அங்கே 1903-ல் தொடங்கிய தொழிற்சாலையின் பெயர் கார்டைட் ஃபாக்டரி. கார்டைட் என்பது வெடிமருந்து. பொடியாக இருக்காது. சேமியா மாதிரி நீளநீளமான குச்சிகள். இந்தக் குச்சிக் கட்டைக் குறுகிய கழுத்து வழியே உள்ளே நுழைப்பது கஷ்டம். அதனால் .303 தயாரிக்கும்போது கழுத்து பிடிப்பதற்கு முன்பே கார்டைட்டை வைத்துவிட்டு, அப்புறம் கழுத்தையும் தோளையும் நெரித்து உருவாக்குவார்கள். வயிறு நிறைந்த பிறகு கழுத்தை நெரிப்பது! உள்ளே மருந்தை வைத்துக்கொண்டு வெளியே செங்குத்தான தோள் பிடிக்க முடியுமா? பதமாகச் சரித்துத்தான் விட வேண்டும்.

அமெரிக்கர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் மருந்து சின்னச் சின்ன மணிகள். புனல் வைத்துக் கொட்டலாம். தோளை எவ்வளவு வேண்டுமானாலும் தூக்கலாம். தூக்கினார்கள்.

*

தூக்கியவர்கள் கம்பெனிக்காரர்கள் அல்ல. கராஜில், பட்டறையில், லேத் வைத்துக்கொண்டு சுயமாகத் தோட்டா வடிவமைத்த தனி ஆசாமிகள். எந்தக் கம்பெனி காட்லாகிலும் இல்லாத இந்தச் சொந்தச் சரக்குகளுக்கு 'வைல்ட்கேட்' என்று பெயர். காட்டுப்பூனை. கம்பெனி தத்து எடுத்துக்கொண்டால் அது வீட்டுப்பூனை ஆகிவிடும். .22-250 இப்படித்தான். முப்பதுகளிலிருந்து காட்டில் திரிந்ததை 1965-ல் ரெமிங்டன் கம்பெனி பால் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டது.

காட்டுப்பூனைக்காரர்களில் பெரிய பெயர் பி.ஓ. ஆக்லி (1903-1989). கொலராடோ மாநிலம் ட்ரினிடாட் ஊர்க் கல்லூரியில் துப்பாக்கி செய்யும் தொழிலைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தவர். அவர் செய்தது ரொம்ப எளிமையான காரியம். கம்பெனி ரைபிளின் அறையை - தோட்டா உட்காரும் இடத்தை - கொஞ்சம் அகலமாகக் கடைந்துவிடுவார். பக்கச் சுவர்கள் கிட்டத்தட்ட நேர். தோள் 40 டிகிரி. இப்போது கடையில் வாங்கிய சாதாரணத் தோட்டாவையே அதில் போட்டுச் சுட வேண்டியது. வெடிக்கும் வேகத்தில் பித்தளை உப்பி, புது அறையின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். துப்பாக்கியே அச்சு, வெடிப்பே சுத்தியல். வெளியே வருவது 'ஆக்லி இம்ப்ரூவ்ட்' கேஸ். அதில் மருந்து நிரப்பிக்கொள்ளலாம். முதல் தடவை சுடும்போது தோட்டா ஆடாமல் இருக்க, கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு - அதாவது 0.1 மில்லிமீட்டர் - இறுக்கமாக வைப்பார். தலைமுடி கனம்.

இங்கேதான் என் பழைய கேள்விக்குப் பதில் கிடைத்தது. .303 கேஸுக்கு அடியில் விளிம்பு உண்டு. அறைக்குள் அதைப் பிடித்து நிறுத்துவது அந்த விளிம்புதான், தோள் அல்ல. அதனால் போர்க்களத்துச் சேறும் மண்ணும் இருந்தாலும் தோட்டா உள்ளே போகட்டும் என்று, அறையில் தோள் பக்கம் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். சுட்டதும் பித்தளை அந்த இடத்தை நிரப்பித் தோள் முன்னால் ஏறிவிடுகிறது. அன்று என் பையிலிருந்தது தற்செயலாகப் பிறந்த ஒரு பூனைக்குட்டி!

*

சரி, தோளைத் தூக்கினால் என்ன லாபம்? காட்டுப்பூனைக்காரர்கள் சொன்னது: வேகம். அதே துப்பாக்கி, அதே குண்டு, நொடிக்கு 100 அடி, 150 அடி அதிகம். காரணம்? செங்குத்தான தோளில் மோதி மருந்து உள்ளேயே சுழன்று நன்றாக எரிகிறதாம். கூடவே ஒரு வடிவியல் தத்துவம். தோளின் இரண்டு பக்கச் சரிவையும் முன்னோக்கி நீட்டினால் ஒரு புள்ளியில் சந்திக்கும். அந்தப் புள்ளி கழுத்துக்குள்ளேயே விழுந்தால் நெருப்பின் உக்கிரம் கேஸோடு நின்றுவிடும். வெளியே விழுந்தால் குழாயை அரிக்கும்.

கால்குலேட்டரை எடுத்தேன். .30 குண்டின் பாதி அகலம் 3.9 மி.மீ. பதினேழரை டிகிரியின் டான்ஜென்ட்டால் வகுத்தால் 12.4 மி.மீ. .30-06-ன் கழுத்து நீளம் பத்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. புள்ளி வெளியே விழுகிறது! 40 டிகிரிக்குப் போட்டால் 4.6 மி.மீ. கழுத்தின் நடுவே உட்காருகிறது. பேஷ், எவ்வளவு அழகான கணக்கு!

அழகாக இருக்கிறது என்பதைத் தவிர இதற்கு உறுதியான நிரூபணம் இல்லை. அங்கே எரிவது கோடு அல்ல, வாயு. அழுத்தம் எல்லாத் திசையிலும்தான் அமுக்கும். ஸ்கேல் வைத்துப் போட்ட கோட்டுக்குக் கட்டுப்படாது.

அந்த 100 அடி மட்டும் எங்கிருந்து வந்தது? பக்கத்தை நேராக்கித் தோளைத் தூக்கினால் கேஸின் வயிறு கொஞ்சம் பெருக்கும். .30-06-க்கு 5 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் துறையில் பழகிய ஒரு கணக்கு உண்டு. அழுத்தம் மாறாமல் வயிறு மட்டும் நாலு பங்கு பெருத்தால், வேகம் ஒரு பங்குதான் ஏறும். 5 சதவிகிதத்துக்கு ஒன்றேகால் சதவிகிதம். நொடிக்கு 850 மீட்டர் போகிற குண்டு 860 போகும். அடிக்கணக்கில் முப்பத்தைந்து. மிச்சம் அறுபத்தைந்து அடி?

இந்த இடத்தில்தான் விஷயம் விளையாட்டாக இல்லை. மிச்சம் அழுத்தத்திலிருந்து வந்தது. வீட்டில் மருந்து நிரப்புகிறவர் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போட்டுக்கொண்டே போவார். அழுத்தத்தை அளக்கும் கருவி லேபில் இருக்கும், கராஜில் இருக்காது. வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப்கூட வெகுகாலம் சாதாரண ஆளுக்கு எட்டாத விலை. பித்தளையின் அடியைப் பார்ப்பார்கள். சப்பையாகிவிட்டதா? போல்ட் திறக்க முரண்டு பிடிக்கிறதா? இல்லையா? அப்படியானால் ''சரியாத்தான் இருக்கு, தோள் தாங்குது!'' .30-06-க்கு நிர்ணயித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. உங்கள் கார் டயரில் 30. இரண்டாயிரம் டயர் அழுத்தத்தைக் கண்ணுக்குச் சில அங்குலம் முன்னால் வைத்துக்கொண்டு, அதைக் குத்துமதிப்பாக ஏற்றுகிறார் ஒருவர். எந்த நம்பிக்கையில்? கோணத்தின் மேல் உள்ள நம்பிக்கையில்.

தப்பான காரணத்தைக் கும்பிட்டால் வருகிற ஆபத்து இதுதான். தோள் காப்பாற்றும் என்று நினைப்பவன் வயிற்றை நிரப்பிக்கொண்டே போவான்.

*

ஆக்லியே இதைப் புரிந்து வைத்திருந்தார் என்றுதான் தோன்றுகிறது. அவர் ஒரு பரீட்சை செய்து பார்த்தார். வின்செஸ்டர் 94 ரைபிளில், பின்பக்கத்தைப் பூட்டி நிறுத்தும் லாக்கிங் லக்கையே கழற்றிவிட்டு, தன் இம்ப்ரூவ்ட் .30-30 தோட்டாவைச் சுட்டார். பூட்டு இல்லாத கதவு. திறந்துகொண்டு முகத்துக்கு வர வேண்டுமே? வரவில்லை! (வீட்டில் வின்செஸ்டர் வைத்திருக்கும் வாசகர்கள் முயல வேண்டாம். எழுதுபவர் கதி வேறு, எண்ணெய் பட்ட அறையின் கதி வேறு.)

இதைக் கேட்ட ஜனங்கள், 'பார்த்தாயா நாற்பது டிகிரியின் மகிமை!' என்றார்கள். ஆனால் அங்கே வேலை செய்தது தோள் அல்ல. நேரான பக்கச் சுவர். வெடிக்கும்போது உப்பி அறையின் சுவரைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. இங்கேயும் மாலை தோளுக்கு.

வயிறும் ஓரளவுக்குத்தான் என்பதையும் அவரே காட்டிவிட்டார். அறுபதுகளில் ஒரு பத்திரிகையாளருக்காக, நொடிக்கு 5000 அடியைத் தாண்ட வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு ஒரு காட்டுப்பூனை செய்தார். யானை வேட்டைக்கு ஏற்ற .378 வெதர்பி கேஸை எடுத்து, கழுத்தை .22 அளவுக்கு நெரித்தார். அண்டாவுக்கு ஊதுகுழல் வைத்த மாதிரி. பெயர்: 'இயர்கெஸ்ப்ளிட்டன் லௌடன்பூமர்'. நான் விளையாடவில்லை, பெயரே அதுதான். ஜெர்மன் பாஷை மாதிரி நடிக்கிற இங்கிலீஷ். காது-கிழி-பெருவெடி என்று சொல்லலாம். அத்தனை மருந்தும் போட்டு எட்டியது 4600 அடி. 5000 வரவேயில்லை.

எதிர்ச் சாட்சிகளும் உண்டு. 1935-ல் ஒஹையோவின் கேம்ப் பெர்ரியில் ஆயிரம் கெஜ தூரத்துக்கான விம்பிள்டன் கோப்பையை பென் கம்ஃபர்ட் என்பவர் ஜெயித்தார். ஆயிரம் கெஜம் என்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். அவர் தோட்டா .300 மேக்னம். அந்த எட்டரை டிகிரி தொங்கல் தோள்தான்! கலிஃபோர்னியாவின் ராய் வெதர்பி தன் தோட்டாவுக்குக் கோணமே வேண்டாம் என்று இரண்டு வளைவு போட்டு விற்றார். ஜவளகிரிப் புலியை வீழ்த்திய கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். எத்தனை டிகிரி? பூஜ்யம். தோளே கிடையாது, நேர்க் குழாய். புலி கேட்கவில்லை.

அப்படியானால் கோணம் சும்மாவா? இல்லை. அது செய்கிற வேலை வேகம் அல்ல, காவல். விளிம்பில்லாத தோட்டாவைப் பின்னாலிருந்து ஊசி தட்டும்போது, முன்னால் நழுவாமல் நிறுத்துவது தோள். செங்குத்தாக இருந்தால் திடமாக நிறுத்தும். ஒவ்வொரு தடவை சுடும்போதும் பித்தளை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழிந்து கழுத்து நீளும், வெட்டிவிட வேண்டும். தூக்கிய தோளில் அந்த வழிதல் குறைவு, கேஸ் அதிக நாள் உழைக்கும். விலையும் உண்டு. செங்குத்துத் தோள் மாகஸினிலிருந்து அறைக்குள் அவ்வளவு வழுக்கிப் போகாது, இடிக்கும். அதனால் புத்திசாலிகள் நடுவில் நின்றார்கள். 1975-ல் டாக்டர் பால்மிஸானோவும் பின்டெல்லும் செய்த 6 பி.பி.ஸி. (லண்டன் ரேடியோ அல்ல, வேறு பி.பி.ஸி.), 2007-ல் வந்த 6.5 க்ரீட்மூர் இரண்டுக்கும் 30 டிகிரி. ஆக்லியின் 40-ம் தோற்கவில்லை. அவருடைய .280 இம்ப்ரூவ்ட் அதே 2007-ல் அமெரிக்கத் தோட்டாத் தொழிலின் அதிகாரபூர்வமான அளவாக ஏற்கப்பட்டது. அவர் போய்ப் பதினெட்டு வருஷம் கழித்து.

*

இதையெல்லாம் எழுதுமுன் பித்தளையைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்க எங்கள் தெருப் பாத்திரக் கடைக்குப் போனேன். அண்ணாச்சிக்குத் தோட்டா தெரியாது. பித்தளை தெரியும்.

''தட்டத் தட்ட முறுக்கிக்கிடும் ஸார். விட்டா வெடிச்சிரும். அனல் காட்டி இளக வைக்கணும்'' என்றார். ரைபிள்காரர்கள் கேஸின் கழுத்துக்கு நெருப்புக் காட்டுவதும் இதற்காகத்தான்.

பேச்சுவாக்கில் ஒரு குடத்தைத் தட்டிக் காட்டினார். ''வாங்க வர்றவங்க எல்லாம் இந்தத் தோள் மினுக்கத்தைத்தான் பாப்பாங்க ஸார். எவ்ளோ பிடிக்கும்னு ஒருத்தர் கேக்க மாட்டாக. தண்ணி பிடிக்கிறது வயிறுல்லா?''

முக்கால் நூற்றாண்டுச் சண்டையை ஒரு வரியில் முடித்துவிட்டார். ஒன்றும் வாங்காமல் வரக் கூச்சமாக இருந்தது. ஒரு செம்பு வாங்கினேன்.

வீட்டில் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ''தோள் அழகா இருக்கு'' என்றாள்.

''எவ்வளவு பிடிக்கும்னு பார்த்தியா?'' என்றேன் பெருமையாக.

''நீங்க பார்த்து வாங்கினீங்களா?''

பார்க்கவில்லை.

அன்றைக்கு அந்த ஐம்பதாவது கேஸைக் கண்டுபிடித்ததற்கு இரண்டு பூரி கிடைத்ததே, சொன்னேன் இல்லையா? என்னோடு இரண்டு மணி நேரம் வெயிலில் நேர்மையாகப் புல்லைத் துழாவிய ஒன்பது பேருக்கு வழக்கமான பூரிதான். அவர்களில் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து வீட்டுக்கு வரவும். பூரி தயார். செம்பில் தண்ணீரும். எவ்வளவு பிடிக்கும் என்று இப்போது அளந்து வைத்திருக்கிறேன்.